ராக் இசைக்குழுவின் பீரை ருசி பார்ப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கப்பலில் வேலை பார்க்கும் மச்சானோ, லண்டனில் படிக்கும் அக்கா மகனோ ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் கைலியில் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவருகிறார். லேபிளில் சிவப்புக் கோட்டுப் போட்ட எலும்புக்கூட்டு முகம். ஒரு கையில் கந்தல் கொடி, மறு கையில் வாள். அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அவர்களின் அடையாளப் பொம்மை எட்டி என்று சொல்லத் தேவையில்லை. பீரின் பெயர் ட்ரூப்பர்.

வழக்கமாக என்ன செய்வோம்? ஃப்ரீசரில் திணிப்போம். பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்ததும் மொட்டை மாடிக்குப் போவோம். பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு, காரம் தூக்கலான மீன் வறுவலோடு பத்து நிமிடத்தில் முடித்து, "சூப்பர் மாப்ள" என்போம். குடிப்பதற்கு அது போதும், தப்பே இல்லை. ஆனால் ருசி பார்க்க வேண்டுமென்றால் இந்தக் குளிர், காற்று, சத்தம், காரம், அவசரம் அத்தனையும் தடை. அதிலும் பேண்ட் பெயரில் வரும் பீருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாக்கு தொடுவதற்கு முன்பே லேபிளும் பாட்டும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிடும். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் நாக்கு, அப்புறம் சாப்பாடு, கடைசியில் லேபிளும் பாட்டும்.

தொடங்கும் முன் சட்டம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது மொத்தம் 2 லிட்டர். பீரும் அதற்குள் அடக்கம், ஆக அரை லிட்டர் பாட்டில் நான்கு. கடற்கரை, பாலம், தனுஷ்கோடி மணல் எல்லாம் பொது இடம். அங்கே குடிப்பது குற்றம். கண்ணாடி பாட்டிலை மணலில் உடைத்துப் போட்டால் மறுநாள் காலையில் வலை இழுக்க வருபவர் காலில்தான் ஏறும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

முதல் படி: பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ட்ரூப்பரைத் தயாரிப்பது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாக்போர்ட் ஊரின் ராபின்சன்ஸ் ப்ரூவரி. 1838இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். அயர்ன் மெய்டனோடு சேர்ந்து இந்தப் பீரை 2013இல் வெளியிட்டது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஏற்கெனவே ஆங்கில ஏல் வகைப் பீர்களின் ரசிகர். விமானம் ஓட்டுவார், வாள்வீச்சும் செய்வார். பெயரை வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. பீருக்குச் சம்மதிக்கும் முன் ப்ரூவரிக்காரர்கள் அவருக்கே பெயர் தெரியாமல் பல பீர்களைக் கொடுத்து, எது என்னவென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அந்தச் சோதனையை நாமும் நான்காவது படியில் செய்யப்போகிறோம்.

பாட்டிலில் ஆல்கஹால் 4.7 சதவீதம். நம்மூர்க் கடைகளில் பலரும் கேட்டு வாங்கும் "ஸ்ட்ராங்" பீர்களோடு ஒப்பிட்டால் இது லேசு. போதைக்காகத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முக்கியமான வித்தியாசம் ஈஸ்ட்டில் இருக்கிறது. நாம் பழகிய பீர் பெரும்பாலும் லாகர். அது குறைந்த வெப்பத்தில், ஏறக்குறைய 7 முதல் 13 டிகிரிக்குள், மெதுவாகப் புளிப்பது. அதனால் வாசனை அடக்கமாக, சுத்தமாக இருக்கும். ட்ரூப்பர் ஏல் வகை. ஏல் ஈஸ்ட் கூடுதல் வெப்பத்தில் வேலை செய்யும். அப்போது எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் உண்டாகி, லேசான பழ வாசனையைக் கொடுக்கும்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் இதில் மூன்று வகை. கோல்டிங்ஸ் இங்கிலாந்தின் பழைய ரகம், மண்ணும் பூவும் கலந்த மணம். போபெக் ஸ்லோவேனியா நாட்டு ரகம். காஸ்கேட் 1972இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ரகம், கிச்சிலித் தோல் கசக்கியது போன்ற வாசனை இதன் அடையாளம். பழைய இங்கிலாந்துப் பாணியில் கொஞ்சம் எலுமிச்சை வெளிச்சம் விழுகிறது என்றால் அதில் காஸ்கேட்டின் பங்கு உண்டு. இதைத்தான் உங்கள் மூக்கு தேட வேண்டும்.

இரண்டாவது படி: வெயிலில் இருந்து காப்பாற்றுங்கள்

மதுரை விமான நிலையத்திலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில்தான் பாதிப் பாட்டில்கள் கெட்டுப்போகின்றன. கார் டிக்கியில் போட்டுவிட்டு, பரமக்குடியில் சாப்பிட நிறுத்திவிட்டு வந்தால் உள்ளே அடுப்பு எரிந்திருக்கும். பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். சுமார் 32 டிகிரியில் 3 நாள் வைத்தால் பீர் எவ்வளவு பழசாகுமோ, 22 டிகிரியில் அதற்கு 30 நாள் ஆகும், 3 டிகிரியில் 300 நாள் ஆகும். மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ 32 டிகிரி என்பது சாதாரண நாள். பீரோவுக்கு மேல் அழகுக்கு வைத்திருந்து தீபாவளிக்குத் திறப்பவர்களுக்கு ஈர அட்டைப்பெட்டி வாசனைதான் கிடைக்கும். ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

வெப்பத்தை விட மோசமானது வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு கெட்ட நாற்றமாக மாறும். நல்ல வெயிலில் இதற்குச் சில நிமிடங்கள் போதும். பழுப்பு நிறக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், பச்சை குறைவாகத் தடுக்கும், நிறமில்லாத கண்ணாடி சுத்தமாகத் தடுக்காது. உங்கள் பாட்டில் எந்த நிறமாக இருந்தாலும் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விடுங்கள். பயணக் குலுக்கலோடு திறந்தால் பாதி நுரையாகத் தரையில் போகும்.

மூன்றாவது படி: குளிரும் கண்ணாடியும்

இந்த இரண்டிலும்தான் நம் கடற்கரையில் எல்லாம் தப்பாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

குளிர் முதலில். ஏல் வகைக்கு 8 முதல் 12 டிகிரி சரியான வரம்பு. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு ஏறக்குறைய 4 டிகிரியில் இருக்கும், அதில் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. எடுத்து மேசைமேல் 15 நிமிடம் வையுங்கள். நம் புழுக்கத்தில் அதற்குள் பாட்டில் வியர்த்து வழியும். லேபிளைப் பத்திரப்படுத்த நினைப்பவர்கள் அந்த நேரத்தில் துணியால் தேய்க்கக் கூடாது. ஈரக் காகிதம் எட்டியின் முகத்தோடு சேர்ந்து உரிந்துவரும். ஒற்றி எடுங்கள்.

கரண்ட் இல்லையா? வாளியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் சரிபாதி போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை இறக்கி இருபது நிமிடம் போல வைத்தால் போதும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் புதைத்தால் நேரம் கூடும், ஐஸ் தொடாத இடமெல்லாம் சூடாகவே இருக்கும். இந்த முறையில் லேபிள் தப்பாது. ஐஸ் எங்கே வாங்கினாலும் சரி, மீன் ஏற்றிய தெர்மாகோல் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் சீலா வாசனை அதில் குடியிருக்கும். பீருக்குள் ஐஸ் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கண்ணாடிக்கு வருவோம். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, நுரையும் தெரியாது. மேலே சற்றுக் குறுகிய கண்ணாடி கிளாஸ் நல்லது. ஒயின் கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது. கடையில் கொடுக்கும் கனத்த கைப்பிடி மக் பார்க்கத்தான் நன்றாக இருக்கும், வாசனை நிற்காது.

கழுவுவதில்தான் நம் ஊர்த் தண்ணீர் விளையாடும். போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிக் கவிழ்த்த கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உட்புறம் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகக் காய்ந்திருக்கும். பீர் ஊற்றியதும் அந்தப் புள்ளி ஒவ்வொன்றிலும் குமிழ் ஒட்டிக்கொண்டு நிற்கும். கேஸ் வீணாக வெளியேறி, பீர் சீக்கிரம் தட்டையாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் எதிர்ப்பக்கம்: நுரையே நிற்காது. அதனால் சோப்புப் போட்டுக் கழுவியபின் கேன் தண்ணீரிலோ காவிரித் தண்ணீரிலோ இரண்டு முறை அலசுங்கள். துணியால் துடைக்காமல் தானாக வடிய விடுங்கள். சோதிக்க எளிய வழி, ஈரக் கிளாஸின் உள்ளே தண்ணீர் ஒரே ஏடாகப் படிந்து வழிய வேண்டும். துளித்துளியாகப் பிரிந்தால் பிசுக்கு இருக்கிறது.

எங்கே உட்காருவது? மொட்டை மாடி வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். காற்று அடங்கிய நாளிலும் கருவாடு காயும் வாசனை எந்தத் திசையிலிருந்தாவது எட்டும். உள்ளறையில், ஃபேனைக் குறைத்து வைத்து, ஊதுபத்தி கொசுவத்தி இல்லாமல் உட்காருங்கள். மார்கழி, தை மாத இரவுகள் உத்தமம். வெற்றிலை பாக்கு, சிகரெட், பல்பொடி எதுவும் அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே கூடாது.

நான்காவது படி: பெயர் தெரியாமல் ருசிப்பது

இதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும், ஊற்றிக் கொடுக்க. குடிக்காத தம்பி இருந்தால் அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கூடவே கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் ஒன்று வாங்கி, அதே குளிருக்குக் கொண்டுவாருங்கள்.

ருசிக்கு ஆகாது என்று சொன்ன எவர்சில்வர் டம்ளருக்கு இங்கே வேலை வருகிறது, நிறத்தை மறைக்க. ஒவ்வொருவருக்கும் மூன்று டம்ளர். இரண்டில் ட்ரூப்பர், ஒன்றில் லாகர், தலா 40 மில்லி. எது எதில் என்பதை ஊற்றியவர் மட்டும் தாளில் குறித்து வைத்துக்கொள்வார். நீங்கள் டம்ளருக்குள் பார்க்காமல் மூன்றையும் முகர்ந்து, ருசித்து, தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். உணவுத் தொழிலில் முக்கோணச் சோதனை என்று இதைச் செய்வார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். அதனால் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டதற்காகக் காலரைத் தூக்கிவிட வேண்டாம்.

இரண்டு பேர் உட்கார்ந்தால் இதற்கு 160 மில்லி போகும். மீதி 340 மில்லி, ஆளுக்கு 170. நிதானமாக ருசிக்க அது தாராளம். மீதியை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள்.

சோதனை முடிந்ததும் ஆளாளுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். லேபிளைப் பற்றிய பேச்சு இன்னும் எடுக்கக் கூடாது.

ஐந்தாவது படி: கண், மூக்கு, நாக்கு

இப்போது கண்ணாடி கிளாஸ். சற்றுச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வரவேண்டும். நுரையைக் கண்டால் நம் ஆட்கள் ஏமாற்று என்று நினைப்பார்கள். வாசனையை மேலே கொண்டுவருவதே அந்த நுரைதான். நிறம் பொன்னிறத்துக்கும் தேன் நிறத்துக்கும் இடையில் இருக்கும்.

மூக்கை உடனே வையுங்கள், முதல் வாசனை அரை நிமிடத்தில் கலைந்துவிடும். நீண்ட மூச்சு வேண்டாம். நாலைந்து சின்ன இழுப்பு, அப்புறம் ஓய்வு. முதலில் வருவது மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின் வாசனை: ரஸ்க், வறுத்த கோதுமை, கடைசியில் மெல்லிய பாகு வாசனை. அது கருப்பட்டிப் பாகு அல்ல, அந்தக் கரிய அழுத்தம் இதில் கிடையாது. பனங்கற்கண்டுக்கு அருகில் என்று சொல்லலாம். அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கிளாஸை உள்ளங்கையில் பிடித்து ஒரு நிமிடம் சூடேற்றி மறுபடி முகருங்கள். குளிர் குறையும்போதுதான் அது தலைகாட்டும்.

ஈர அட்டை வாசனை வந்தால் பாட்டில் பழசு. கெட்ட கந்தக நாற்றம் வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. புளித்த மோர் போல வந்தால் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

வாயில் ஒரு மடக்கு எடுத்து நாக்கு முழுவதும் உருட்டி விழுங்குங்கள். ஒயின் சோதிப்பவர்களைப் போலத் துப்பக் கூடாது. பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுசாக நிற்கும். விழுங்கியதும் வாயை மூடி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பலருக்கு எலுமிச்சை வாசனை முகர்ந்தபோது கிடைக்காமல் இந்த வெளிமூச்சில்தான் கிடைக்கும். இனிப்பு முன்னால், கசப்பு பின்னால், இரண்டும் ஒன்றையொன்று அடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பீரின் பலம் அதுதான், தனித்துத் துருத்தும் ருசி எதுவும் இல்லை. ஹாப்ஸ் மூக்கைத் துளைக்கும் அமெரிக்கப் பாணிப் பீர்களுக்குப் பழகியவர்கள் இதைச் சப்பென்று இருப்பதாகச் சொல்லக்கூடும். அதுவும் நியாயமான தீர்ப்புதான்.

மடக்குக்கு மடக்கு இடைவெளி விட்டு, கிளாஸை இருபது நிமிடமாவது இழுங்கள். தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். நம் ஊர் வெப்பம் இங்கே உதவிக்கு வருகிறது: லண்டன் குளிரில் மணிக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டிய மாற்றம் இங்கே அரை மணிக்குள் நடந்துவிடும். வாயைச் சுத்தம் செய்ய வெறும் பொரியும் தண்ணீரும் போதும். மிக்சர் தட்டைக் கண்ணில் படாமல் வையுங்கள்.

ஆறாவது படி: சாப்பாடு

கிளாஸில் கால்வாசி மிச்சம் இருக்கும்போது சாப்பாட்டை எடுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், ஆனால் இந்த மேசைக்கு அது ஆகாது. கேஸும் கசப்பும் காரத்தை இன்னும் கிளறிவிடும், அப்புறம் நாக்கில் எரிச்சலைத் தவிர எதுவும் தெரியாது.

மிளகும் உப்பும் மட்டும் போட்டு வதக்கிய கணவாய் நன்றாகப் போகும். அதன் லேசான இனிப்பும் மால்ட் இனிப்பும் ஒத்துப்போகும். நெத்திலி பொரித்தால் மசாலாவைக் குறைத்து, எலுமிச்சை பிழியாமல் வையுங்கள். எண்ணெயைக் கசப்பு வெட்டும், எலுமிச்சையைப் பீரே கொண்டுவரும். நண்டு வேண்டாம், இரண்டு கையும் கிளாஸும் நாறிப்போகும். கருவாட்டுக்கு இந்தப் பீர் தாங்காது.

ஏழாவது படி: இப்போது லேபிள், இப்போது பாட்டு

பாட்டிலைத் திருப்பி வையுங்கள். 1983இல் வந்த அயர்ன் மெய்டன் பாட்டின் பெயரே பீரின் பெயர். 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியப் போரின் பாலக்லாவா சண்டையில், பிரிட்டிஷ் குதிரைப் படை ஒன்று பீரங்கிகளை நோக்கி நேராகப் பாய்ந்து பெரும் இழப்பைச் சந்தித்ததைச் சொல்லும் பாட்டு. எட்டி போட்டிருப்பது சிவப்புக் கோட்டு. உண்மையில் அன்று பாய்ந்த இலகு குதிரைப் படையின் ஐந்து பிரிவுகளுக்கும் நீலச் சீருடை. வரலாறு தெரிந்த நண்பர் கூட இருந்தால் இதைச் சொல்லி வம்பிழுக்கலாம்.

அப்புறம் பாட்டைப் போடுங்கள், கடைசி இரண்டு மடக்கை மிச்சம் வைத்துக்கொண்டு. குளம்படி போல ஓடும் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிட்டார் கேட்கிற அளவுக்குச் சத்தம் இருக்கட்டும். 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அவர்கள் முதல்முறை இந்தியாவில் வாசித்தபோது அங்கே நின்றவர் யாராவது கூட்டத்தில் இருந்தால், இந்த இடத்தில் பேச்சு நீளும். நீளட்டும், பீர் சூடாவதைப் பற்றி இனிக் கவலையில்லை.

பாட்டு முடிந்ததும் மறுபடி பத்துக்கு எவ்வளவு என்று எழுதி, மடித்து வைத்த பழைய சீட்டைப் பிரியுங்கள். எண் ஏறியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரசல்ஸ் நகர ப்ரூவரி ஒன்று எடிட்டர்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவோடு சேர்ந்து தயாரித்த பீரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இருநூறு பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். லேபிளை மட்டும் பார்த்துக் குடித்தவர்களைவிட, இசைக்குழுவின் பாட்டையும் கேட்டுக்கொண்டே குடித்தவர்கள் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். எண் மாறவேயில்லையென்றால் பீர் தன் காலில் நிற்கிறது. மூன்று நான்கு ஏறியிருந்தால் அந்த உபரியை ஹாரிஸ் கணக்கில் எழுதிவிடுங்கள்.

வேறு பாட்டில் கைக்கு வந்தால்

ராபின்சன்ஸே ட்ரூப்பரை 6.6 சதவீதத்தில், 666 என்ற பெயரில், 2014இல் கொண்டுவந்தது. முறை இதேதான், அளவைப் பாதியாக்குங்கள். எல்போ இசைக்குழுவோடு அவர்கள் 2011இல் செய்த பீரும் ஏல் வகை. மெட்டாலிகாவும் ஸ்டோன் ப்ரூவிங்கும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட என்டர் நைட், லாகரில் ஒரு ரகமான பில்ஸ்னர் வகை. அதற்கு 5 முதல் 7 டிகிரி போதும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்தில் திறக்கலாம். முக்கோணச் சோதனையில் அதை நம் லாகரோடு பிரித்தறிவது ட்ரூப்பரை விடக் கஷ்டம், இரண்டும் ஒரே குடும்பம். கிரேட்ஃபுல் டெட் பெயரில் டாக்ஃபிஷ் ஹெட் 2013இல் செய்த பீரில் கிரனோலா, அதாவது தேன் சேர்த்து வறுத்த ஓட்ஸ் கலவை, போட்டிருப்பார்கள். தேனும் ஓட்ஸும் வாசனையில் இருக்கிறதா என்று, லேபிளைப் படிக்காத ஆளிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.